டிரைவர் இல்லாத பஸ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இடது முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ சரிப்பா, சரிப்பா என்று சீக்கிரம் முடித்துவிடுகிறாய், காகிதம் என்றால் கடைசி வரை படித்தாக வேண்டும்.

டிப்போவில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு எழுத்துத் தேர்வு என்று சொன்னேன் அல்லவா, இரண்டே மதிப்பெண்ணில் கோட்டை விட்டுவிட்டேன். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவனுக்குப் பஸ் கணக்கில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் போகும் பஸ், எதிரே தடையைக் கண்டு பிரேக் போடுகிறது, எதிர்முடுக்கம் நான்கு, எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று கேள்வி. சூத்திரப்படி எனக்கும் ஐம்பது மீட்டர்தான் வந்தது. ஆனால் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடியாவது ஆகுமே, அதற்குள் பஸ் இருபது மீட்டர் ஓடியிருக்குமே என்று அதையும் கூட்டி எழுபது என்று எழுதிவிட்டேன். இந்தத் தேர்வுக்கு எங்களுக்கு வகுப்பெடுக்கும் டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். ஐயா, கணக்குல ஓடுற பஸ்ல டிரைவரே கிடையாது, நீங்க ஏன் போய் ஏறி உட்கார்ந்துக்கிறீங்க என்று கேட்டது, வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன அன்று எனக்கு ஒரு நொடியெல்லாம் போதவில்லையம்மா. போகாதே என்று வாய்க்கு வருவதற்குள் நீ பெட்டி கட்டி முடித்திருந்தாய், அதற்குப் பிறகு சொன்னால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். குறை சொல்வதாக நினைக்காதே. நீ கார் ஓட்டும்போது மட்டும் முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகாதே, புத்தகம் என்ன சொன்னாலும் எழுபது மீட்டர் விடு.

என் வண்டியின் கண்டக்டர், நாம் விசில் என்று கூப்பிடுவோமே அவன்தான், ரிட்டயர் ஆக இன்னும் மூணு மாசம்தாண்ணே, அப்புறம் நிம்மதியா தூங்கலாம் என்கிறான். எனக்கு அதுதான் பயம். உன் அம்மா இருந்தவரை இந்த வீட்டில் பேச எனக்கு முறையே வராது, இப்போது எல்லா முறையும் எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு மாலையில் பால்காரரிடம் பேசினால் குரல் கரகரக்கிறது, உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். பயிற்சி வேலை கிடைத்தால் இன்னும் இரண்டு வருடம் நாலு பேரோடு இருக்கலாம். இருபதாம் தேதி மறுதேர்வு, இந்தத் தடவை பேசாமல் ஐம்பது என்றே எழுதப் போகிறேன்.

இத்துடன் ஐந்து கணக்குகள் வைத்திருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, ஐந்தையும் நானே போட்டுவிட்டேன், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்தேன், எல்லாம் சரி. இருந்தாலும் நீ ஒரு தடவை போட்டு, எதற்கு எந்தச் சூத்திரம், ஏன் என்று ஒவ்வொரு வரியாக விளக்கி, உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. மறந்துவிடாதே, விடையை மட்டும் எழுதி அனுப்பாதே, விடை என்னிடம் இருக்கிறது.

உன் அப்பா