பாலேட்டை எடுத்தவர் யார் என்பது பற்றி

அனுப்புநர்:
நல்லம்மாள், கணவர் பெயர் பத்துமலை,
மூன்றாவது லயம், செம்மண்மேடு தோட்டம்,
பீடோர், பேராக்.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
பால்மாடு வளர்ப்போர் உதவிப் பிரிவு,
ஈப்போ.

பொருள்: உழைப்பைக் குறைக்க வந்த இயந்திரம் என் பிழைப்பையும் சேர்த்துக் குறைத்துவிட்டது, பால் விற்கும் லைசென்சைத் திரும்பக் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்குத் தமிழ் படிக்க வரும் என்று தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி டொமினிக் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. ரப்பர் மரம் வெட்டிப் பால் இறக்கும் வேலை போனபின், நான்கு மாடுகளை வைத்துப் பீடோரில் பால் ஊற்றித்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. பத்து வருடத்தில் என் பாலை ஒருவரும் குறை சொன்னதில்லை.

2. 21.2.1978 காலை நான் சைக்கிளில் புறப்படும் நேரம், தங்கள் அலுவலர் திரு. செபாஸ்டியன் பாலேடு பிரிக்கும் இயந்திரத்தோடு வந்தார். நாங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் வாசலில் வந்து நிற்கும் அரசாங்கத்தைத் திருப்பி அனுப்ப எங்களுக்குப் பழக்கமில்லை. "இனிமே ஒங்க கைக்கு வேலையே இல்லக்கா, சும்மா ஒக்காந்திருக்கலாம்லா" என்றார்.

3. என் பால் முழுவதையும் அதில் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினார். பாலேடு ஒரு குழாயில் வந்தது. அதை மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்று தன் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை என் பால் தோம்பில் ஊற்றி, அளவு பெரிதாகக் குறையவில்லை, வழக்கம்போல் விற்கலாம் என்றார். பால் நீலம் பாய்ந்திருந்ததை நான் பார்த்தேன். படித்தவர் சொல்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தவறுதான்.

4. இயந்திரத்துக்குள் பதினெட்டுத் தட்டுகள். அவற்றை வெந்நீரில் கழுவி வரிசை தப்பாமல் அடுக்க எனக்கும் பக்கத்து வீட்டுச் செல்லாயிக்கும் மறுநாள் மதியம் வரை ஆயிற்று. எங்களுக்குக் குறைந்த உழைப்பு இதுதான்.

5. அந்த மிச்சப் பாலை நான் கொண்டுபோன அதே 21ஆம் தேதி காலையே தங்கள் பிரிவின் பரிசோதகர் பீடோர் சாலை முனையில் என்னை நிறுத்தி மாதிரி எடுத்தார். பாலில் கொழுப்பே இல்லை, வியாபாரியின் மோசடி என்று எழுதி, 6.3.1978 அன்று லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். திரு. செபாஸ்டியன் வாக்கு பலித்துவிட்டது. கறந்த பாலைக் கன்றுகளுக்கே ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

6. அவருடைய பதிவேட்டில் அவர் எழுதிய வரியின் கீழ் அன்று நான் போட்ட கையெழுத்து இருக்கிறது: "இயந்திரம் பாலேட்டை முழுவதும் எடுத்துவிட்டது, மிகவும் திருப்தி." பரிசோதகர் அறிக்கையிலும் அதே தேதி, அதே பால். இரண்டும் தங்கள் அலுவலக அலமாரியில்தான் இருக்கின்றன. ஒன்றில் அது சாதனை, இன்னொன்றில் அது திருட்டு. சாதனை அவருடையது, திருட்டு மட்டும் என்னுடையது.

ஆகவே, இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் வைத்துப் படித்து, என் லைசென்சைத் திருப்பித் தரும்படி பணிந்து கேட்கிறேன். என் பாலில் இன்னும் சந்தேகம் இருந்தால் தங்கள் கண்முன்னே கறந்து காட்டத் தயார். 20.3.1978 திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால், செவலை மாட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். தூக்குச்சட்டியை மட்டும் திரு. செபாஸ்டியன் கொண்டுவர வேண்டாம்.

இடம்: பீடோர்
நாள்: 9.3.1978

இப்படிக்கு,
தங்கள் உதவியைப் பெற்றுக்கொண்ட,
ப. நல்லம்மாள்