மிளகாய்த்தூள் பேணியில் பயத்தம் உருண்டை

என் அம்மாவுக்கு,

சண்டை பிடிக்க வீட்டில் சரியான ஆள் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன். ஆசையோடுதான் எழுதுகிறேன், ஆனால் நல்ல கோபத்தோடும் எழுதுகிறேன். நீங்கள் இவ்வளவு அவசரமாகப் போனது ஒரு குற்றம். போகும்போது அப்பாவை என் தலையில் கட்டிவிட்டுப் போனது அதைவிடப் பெரிய குற்றம். இந்த மனிசனை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

முதலிலிருந்து சொல்கிறேன். "கொப்பர் பாவமெல்லே" என்று வழக்கம்போல் இடையில் தொடங்காதீர்கள். நான் சொல்லி முடிக்கட்டும், யார் பாவம் என்று பிறகு பார்ப்போம்.

நான் பாஸ் பண்ணிவிட்டேன், அம்மா. கடைசிச் சோதனைக்கு முன்னமே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள், அதனால் இது உங்களுக்குப் புதுச் செய்தி. குழந்தைகளைப் பார்க்கிற நேர்ஸ் என்று பதிந்தும் தந்துவிட்டார்கள். ஆனால் பாஸ் பண்ணினால் வேலை என்று நினைத்தோமே, அது நம்முடைய பேய்க்கதை. எந்த ஆஸ்பத்திரியின் குழந்தை வாட்டுக்கு விண்ணப்பம் போட்டாலும் அனுபவம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? இதை இவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

கடைசியில் லண்டனுக்குள்ளேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வழி தெரிந்தது. புதிதாகப் படித்து முடித்த நேர்ஸ்மாரை எடுத்து, ஒரு வருடம் குழந்தை வாட்டுகளில் மாற்றி மாற்றி விட்டு, பக்கத்தில் ஒரு மூத்த நேர்ஸை வைத்துப் பழக்குகிறார்கள். எடுப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை. அது கிடைக்காவிட்டால் எனக்கு இருந்த ஒரே வழி வடக்கே, ரயிலில் அரை நாள் தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே ஆள் தேவை என்று உடனே எடுப்பார்கள். அங்கே போனால் அப்பா இங்கே பிளேஸ்டோ வீட்டில் தனியே. தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்துவிட்டு மறந்து பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போகிற மனிசன், தனியே!

ஏன் குழந்தைகள் என்று நீங்களும் ஒருமுறை கேட்டீர்கள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பெரியவர்களிடம் நோகிறதா என்று கேட்டால் "பரவாயில்லை" என்று பொய் சொல்கிறார்கள். பிள்ளைகள் கத்துகிறார்கள். எனக்குக் கத்துகிற ஆட்களோடுதான் ஒத்துவரும்.

விண்ணப்பம் அனுப்பிய அன்றே அப்பாவின் கரைச்சல் தொடங்கிவிட்டது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர் அல்லவா, ஆளைப் பிடிக்காமல் ஒரு அலுவலும் நடக்காது என்பது அவருக்கு வேதம். "அங்கை ஆர் பெரியவர்? ஆரைப் பாத்துக் கதைக்கவேணும்?" என்று காலையும் மாலையும் ஒரே அறுப்பு. எனக்காக யாராவது போய்த் தெரிவுக்குழுவோடு பேசினால் விண்ணப்பம் தள்ளுபடி என்று போட்டிருப்பதைத் தமிழில் வாசித்தே காட்டினேன். "அது சும்மா போடுறது, பிள்ளை. கச்சேரியிலையும் போட்டிருந்தது" என்றார்.

இதற்குள் பக்கத்தில் ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சீலைக்கடை மாமா என்னைக் கண்டதும் அளவுகோலை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"பிள்ளை, பெரிய ஆஸ்பத்திரியாமே! ஆரைப் பிடிச்சனீர்?"

"ஒருத்தரையும் பிடிக்கேல்லை, மாமா. இன்னும் கிடைக்கவுமில்லை."

"எங்களுக்குச் சொன்னால் என்ன, குறைஞ்சு போமே?"

நான் என்ன செய்ய? எங்கே போய்த் தலையை முட்ட?

நேர்முகத்துக்கு வரச்சொல்லி அறிவித்தார்கள். அதற்கு மூன்று நாள் இருக்கும்போது மத்தியானம் வீட்டுக்கு வந்தால் குசினி முழுக்கப் புகை மணம். அடுப்பில் உங்கள் தாச்சி கரிபிடித்துக் கிடக்கிறது, தரையெல்லாம் பயத்தம் மா. அப்பாவைக் காணவில்லை. டெலிபோன் அடித்தது. எடுத்தால் அந்த ஆஸ்பத்திரியின் குழந்தை வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், ஒரு ஐரிஷ்காரி. என்னைத் தெரிவு செய்யப் போகிற குழுவில் அவரும் ஒருவர்.

"உங்கள் தகப்பனார் இன்று காலை வாட்டுக்கு வந்திருந்தார்" என்றார். "ஒரு தகரப் பேணியும் கொண்டுவந்தார். இதை நான் குழுவுக்குச் சொல்லியே ஆகவேண்டும். நீங்கள் எப்படியும் அன்றைக்கு வாருங்கள். மிச்சத்தை அங்கே பார்ப்போம்."

ஐயோ அம்மா! அப்பா திரும்பி வரும்வரைக்கும் வாசலிலேயே நின்றேன். கதவைத் திறந்தவரை உள்ளே வரவும் விடவில்லை.

"என்ன வேலை பாத்திட்டு வந்து நிக்கிறியள்? வேலை கேட்டு லஞ்சம் குடுக்கவே போனனீங்கள்?"

"நான் வேலை கேக்கேல்லை, பிள்ளை."

"பின்னை என்னத்துக்குப் போனனீங்கள்?"

"வெறுங்கையோட போகேலாது எண்டு கொஞ்சம் பயத்தம் உருண்டை…"

"அப்பா! நான் கேக்கிறது உருண்டையை இல்லை!"

"நீ முதல்ல சாப்பிடு. பிறகு கதைப்பம்."

சாப்பிடுவதா! என் வாழ்க்கை பேணிக்குள் போய்விட்டது, சாப்பிடட்டாம்! நான் வடக்கே போனால் நீங்கள் தனியே கிடந்து அவிய வேண்டியதுதான் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றாமலே பின்னேர ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அலுமாரியைப் பார்த்தேன். பிஸ்கட் வந்த அந்தப் பெரிய தகரப் பேணி, நீங்கள் வறுத்த மிளகாய்த்தூள் போட்டு வைக்கிற பேணி, அதைக் காணவில்லை. தூளை ஒரு பொலித்தீன் பையில் கட்டி மூலையில் வைத்திருந்தார். பேணியைக் கழுவினாரா? அவராவது கழுவுவதாவது. பேப்பரால் துடைத்திருப்பார்.

இந்தப் பழக்கமெல்லாம் யாரிடமிருந்து வந்தது, சொல்லுங்கள்? நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதிலிருந்து, ஒவ்வொரு வகுப்பின் முதல் நாளும், இதே மாதிரி ஒரு பேணி, இதே பயத்தம் உருண்டை, நீங்கள் சீலைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு டீச்சருக்கு முன்னால் போய் நிற்பீர்கள். "இவள் பசிச்சாலும் கேக்கமாட்டாள். நீங்கள்தான் பாத்துக் குடுக்கவேணும். கோவம் வந்தால் பசி எண்டு நினையுங்கோ" என்பீர்கள். பிறகு எனக்கு இடித்து, "சொல்லடி இங்கிலீசிலை" என்பீர்கள். நான் டீச்சரைப் பார்த்து, "அம்மா குட்மோர்னிங் சொல்கிறார்" என்பேன்.

ஓம், அம்மா. ஒவ்வொரு வருடமும் அதுதான் சொன்னேன். டீச்சர்மார் ஏன் உங்களைப் பார்த்துச் சிரித்து, "குட்மோர்னிங்" என்று திருப்பிச் சொன்னார்கள் என்று நீங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லையா? முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, பசித்தால் கேட்கமாட்டாள் என்று என்னைப் பற்றி நானே எப்படிச் சொல்வது? நீங்கள் வேறு, பெரிய அலுவல் முடிந்தது மாதிரி நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள்.

நேர்முகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: சிஸ்டர், ஒரு குழந்தை டொக்டர், ஆட்களை எடுக்கிற பிரிவிலிருந்து ஒரு மெலிந்த மனிதர். மேசை நடுவில் நம்முடைய பேணி. டொக்டர் ஒரு உருண்டை சாப்பிட்டிருக்கிறார் போல, கண் கலங்கி, முன்னால் தண்ணீர்க் கிளாஸ் காலியாக இருந்தது. இனிப்புக்குள் இப்படி உறைப்பு வைப்பது உங்கள் ஊர் முறையா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

மெலிந்த மனிதர் தொண்டையைச் செருமி, விதி ஒன்று இருக்கிறது என்று தொடங்கினார். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தி, முதலில் தான் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்றார்.

"வாட்டில் ஒரு பிள்ளை. தகப்பன் நேரம் காலம் பார்க்காமல் வந்து நிற்கிறார். பிள்ளையிடம் கேட்டால் அவர் பதில் சொல்கிறார். கொடுக்கக் கூடாத சாப்பாட்டைக் கொண்டுவருகிறார். போகச் சொன்னாலும் போகிறாரில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?"

பகிடி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் பாடமாக்கி வந்த பதிலெல்லாம் அந்த இடத்திலேயே மறந்துபோயிற்று.

"முதலில் அந்த ஆளைப் பார்த்துக் கத்தவேண்டும் போல் இருக்கும்" என்றேன். மெலிந்த மனிதர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஆனால் கத்தமாட்டேன். இருக்க ஒரு கதிரை கொடுப்பேன். பிறகு ஒரு வேலை கொடுப்பேன். பிள்ளை தண்ணீரை என்ன சொல்லிக் கேட்கும், எதற்குப் பயப்படும், எப்படித் தூக்கினால் அழாது என்று அவரிடம்தான் கேட்பேன். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். சாப்பாட்டை இன்றைக்குக் கொடுக்க முடியாது என்றால் ஏன் என்று சொல்வேன். என்றைக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்வேன். தெரியாத ஆட்களிடம் பிள்ளையை விட்டிருக்கிறார். அவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டு வரும்போதே யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அதெல்லாம் சரி" என்றார் மெலிந்த மனிதர். "இவருடைய தகப்பனார் வேலைக்காகப் பேசினாரா, இல்லையா?"

"பேசவில்லை" என்றார் சிஸ்டர். "வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வரச்சொல்லி அறிவித்தீர்களே, அப்படியென்றால் எடுத்துவிட்டீர்கள் தானே என்றார். நான் இல்லை என்று சொன்னதும் பயந்து, பேணியை விட்டுவிட்டே போய்விட்டார். அதற்கு முன்னால் அவர் சொன்னது இவ்வளவுதான்."

பிறகு அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அப்பாவின் கச்சேரி இங்கிலீஷ், அவருடைய ஐரிஷ் வாயால் வந்தது.

"மேடம், ஒரு இடத்தில் பிள்ளையை ஒப்படைக்கும்போது எப்போதும் தாய்தான் வருவார். இப்போது அவர் இல்லை. ஆகவே நான் வந்திருக்கிறேன். இந்தப் பிள்ளை பசித்தாலும் கேட்கமாட்டாள். தயவுசெய்து தாங்களே பார்த்துக் கொடுக்கவும். அவளுக்குக் கோபம் வந்தால் அதைப் பசி என்று எடுத்துக்கொள்ளவும்."

இத்தனை வருடம் நான் ஒரு டீச்சரிடமும் போய்ச் சேர விடாத உங்கள் வசனம், அம்மா. ஒரு சொல் பிசகாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

"காலையில் சாப்பிட்டீர்களா?" என்று சிஸ்டர் கேட்டார். இல்லை என்றேன். பேணியை என் பக்கம் தள்ளினார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு உருண்டையைக் கடித்தேன். கல்லு மாதிரி இருந்தது, உறைப்பு மண்டைக்குள் ஏறியது. கண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அடுத்த நாள் சிஸ்டரே டெலிபோன் எடுத்துச் சொன்னார்: இடம் எனக்குத்தான். அப்பாவிடம் சொன்னேன். "அதுதான் முந்தியே தெரியுமே" என்றார். பார்த்தீர்களா? நான் பட்ட பாட்டுக்கு ஒரு ஆச்சரியமாவது பட்டாரா? சீலைக்கடை மாமாவுக்கு, தான் ஆளைப் பிடித்துத்தான் காரியம் முடிந்தது என்று சொல்லி வைத்திருக்கிறாராம். இனி ஈஸ்ட் ஹாமில் நான் எந்த முகத்தோடு திரிவது?

நாளைக்கு முதல் நாள். அப்பா பக்கத்து அறையில் என் யூனிபோமை அயர்ன் பண்ணுகிறார், கருகிய மணம் இங்கே வருகிறது. "நாளைக்கு நானும் வாறன், பிள்ளை. சிஸ்டரிட்டைப் பேணியை வாங்கவேணும்" என்கிறார். வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன். கோட்டை எடுத்துக் கதவில் கொழுவியும் வைத்துவிட்டார்.

காலையிலிருந்து எனக்கு எல்லோரிலும் கோபம். அவரில், உங்களில், அந்த மெலிந்த மனிதரில். இப்போதுதான் யோசிக்கிறேன், இன்றைக்கு நான் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை.

சரி, அம்மா. நாளைக்கு அவரை வாட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போவேன். பேணியை வாங்கி அவர் கையில் கொடுத்து, வீட்டில் கழுவி வைக்கச் சொல்வேன். அது அவருக்கு வேலை. எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை உங்களுக்கு வாக்காகவே தருகிறேன்: இனிப் பசித்தால் கேட்பேன். இதை மடித்து வைத்துவிட்டு நேரே போய் அப்பாவிடம் கேட்கப் போகிறேன்.

உங்கள் மூத்தவளும் கடைக்குட்டியும் ஆன ஒரே பிள்ளை,
கௌசி