இடது பக்கப் பெட்டி

மார்ச் 3, திங்கள்

இடது பக்க ஸ்பீக்கர் மறுபடியும் முனகுகிறது. டிவியில் ஓடும் படத்தில் மழை. வலது பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, இடது பக்கம் தூறல்கூட இல்லை. ஐந்து ஸ்பீக்கர் பெட்டி வாங்கியதே, மழைச் சத்தம் தன்னைச் சுற்றிலும் பெய்ய வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டதால்தான். வேலை மாற்றலாகி அவள் வெளியூர் போய் எட்டு மாதம். 22ஆம் தேதி வருகிறாள், இரண்டு நாள் லீவு. அதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். வீடு பழையபடி இருந்தால் மனசு மாறாதா என்ன?

மார்ச் 5, புதன்

ஒயர் முனைகளைச் சுரண்டித் துடைத்து மாட்டினேன். பலனில்லை. ரிமோட்டில் இடது பக்கச் சத்தத்தை மட்டும் ஆறு புள்ளி ஏற்றினேன். இப்போது தேவலை.

இடது பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன சார், எங்க சுவரே அதிருது?" என்றார். அவருக்கு எப்போதும் ஏதாவது குறை.

மார்ச் 6, வியாழன்

போனில் அவளிடம் ஸ்பீக்கர் கதையைச் சொன்னேன். "அதை விடுங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்கிறதா?

"ஒரு வார்த்தை சொல்லாம மாற்றலுக்குச் சம்மதிச்சவதானே நீ!"

அவள் மெதுவாக: "சோபாவுல உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். 'நான் போகட்டுமா, வேண்டாமா'ன்னேன். நீங்க டிவியையே பாத்துட்டிருந்தீங்க. சரி, போனா போகட்டும்னு நினைக்கிறீங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. சத்தியமாக நடக்கவில்லை. ஆனால் பொய் சொல்கிறவளும் இல்லையே அவள்?

மார்ச் 8, சனி

மெக்கானிக் வந்தார். இடது பெட்டியை வலதில், வலதை இடதில் வைத்தார். பெட்டி மாறியும் இடது பக்கம்தான் மந்தம். ஆம்ப்ளிஃபயரில் ஒயரை மாற்றிச் சொருகினார். அப்போதும் இடதுதான்.

"எனக்கு இடது பக்கம்தான் சார் அதிகமா இருக்கு. ஆறு புள்ளி ஏத்தி வச்சிருக்கீங்களே!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் நிற்கிறேன். இயந்திரம் ஓடுகிற சத்தத்திலேயே எந்த உருளை தேய்ந்தது என்று சொல்லுகிறவன். எனக்கே பாடமா?

அவர் பையை மூடிக்கொண்டே, "ஒண்ணு பண்ணுங்க சார். டிவிக்கு முதுகைக் காட்டி உக்காந்து பாருங்க" என்றார். நக்கல்!

மார்ச் 9, ஞாயிறு

டிவி போடவில்லை. சோபாவின் இடது ஓரத்தில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்றிய புள்ளிகளை இறக்கிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ரிமோட்டில் சோதனைச் சத்தம் போட்டேன், 'உஸ்ஸ்' என்று ஒவ்வொரு பெட்டியாகப் போகும். மந்தம் என்று நான் திட்டிய இடது பெட்டி கணீரென்று வந்தது. நன்றாக இருந்த வலது பெட்டி மங்கிப்போயிற்று. திரும்பி உட்கார்ந்தேன், மாறியது. நாலு தடவை. நான் திரும்பினால் கோளாறும் கூடவே திரும்புகிறது.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம்.

அவளுக்குப் போன் போட்டு இடது காதில் வைத்தேன். எப்போதும் வலதில்தான் வைப்பேன், அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. அவள் "சொல்லுங்க" என்றது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வைத்துவிட்டேன்.

எத்தனை வருஷமாக அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள். அய்யோ. என்னென்ன சொன்னாளோ!

மார்ச் 14, வெள்ளி

காது டாக்டர். இடது காது பாதிக்கு மேல் போய்விட்டதாம்.

"அச்சகத்துல மெஷின் உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"இடது."

"வீட்டுல யாரும் சொல்லலையா?"

சொல்லியிருப்பாள். அந்தப் பக்கமிருந்து சொல்லியிருப்பாள்.

மார்ச் 22, சனி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். சாயங்காலம் அதே மழைப் படம் போட்டேன். வழக்கமான ஓரத்துக்குப் போனவளைக் கையைப் பிடித்து என் வலது பக்கம் உட்கார வைத்தேன். "என்ன புதுப் பழக்கம்?" என்றாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்ந்த இடத்தில் சிரித்தாள். டாக்டர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. என் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

"எதுக்குங்க இப்ப?"

"சொல்லேன்."

"நான் போகட்டுமா, வேண்டாமா?"

"போகாதே."

அழுதுவிட்டாள். "மூணு வருஷத்துக்கு விட மாட்டாங்களே. கையெழுத்துப் போட்டாச்சே."

மழை எல்லாப் பக்கமும் பெய்தது என்றாள். எனக்கு ஒரு பக்கம்தான்.

மார்ச் 23, ஞாயிறு

மாலை ரயில். வண்டி நகரும்போது ஜன்னலில் ஏதோ சொன்னாள். இடது பக்கம். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு நின்றிருப்பேன். தலையைத் திருப்பிக்கொண்டு கூடவே ஓடினேன். "என்ன சொன்னே? திரும்பச் சொல்லு!"

"நீங்க அங்க வந்துடுங்களேன்!"

மார்ச் 31, திங்கள்

அச்சகத்தில் இன்றோடு கடைசி. ஐந்து பெட்டிகளையும் கழற்றி அட்டையில் கட்டியாயிற்று. எது இடது, எது வலது என்று எழுதவில்லை. ரெண்டும் நல்ல பெட்டிதான்.