கையால் எண்ணிய மூன்று நாள்

அன்புள்ள ஜோலீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் அலுத்துப் போயிருக்கிறது. அலாஸ்கா குளிரில் நீயும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் மழுப்பிவிட்டேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தேர்தல் முடிந்த மறுவாரம் கவுண்டி நிர்வாகக் கூட்டத்தில் பக்கத்துப் பண்ணை டுவேன் எழுந்து, ஓட்டு எண்ணுற மெஷினையும் நம்ப முடியாது, அதைப் பூட்டி வச்சிருக்கிற வில்மாவையும் நம்ப முடியாது என்று என்னைக் கைகாட்டிச் சொன்னார். உன் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர், ஜோலீன். இருபத்திரண்டு வருஷமாக இங்கே தேர்தல் வேலை பார்க்கிறேன், நானும் அவர் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறவள், அதுவும் அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து முகம் தெரியாதவர்களெல்லாம் போன் பண்ணி, உன் வீடு எங்கேன்னு தெரியும் என்றார்கள். ஷெரிப் வந்து வாசலில் கேமரா மாட்டிவிட்டுப் போனார். கடையில் என்னைக் கண்டால் தெரிந்தவர்களே தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டார்கள்.

கடைசியில் எல்லா ஓட்டுச் சீட்டையும் கையால் எண்ணச் சொல்லி கவுண்டி போர்டு உத்தரவு போட்டது. டுவேனையும் ஒரு மேசையில் உட்காரவைத்தேன். சந்தைக் கூடத்தில் மூன்று நாள், ஆறிப்போன காப்பி. இரண்டாம் நாள் மெஷின் கணக்கைவிட ஒன்பது ஓட்டு குறைந்தது. பாத்தீங்களா, நான் அப்பவே சொல்லல? என்று எழுந்து நின்று கத்தினார். திரும்ப எண்ணினால் தவறு அவர் மேசையில்தான், களைப்பில் ஓட்டுக்கு ஒன்றாகப் போடுகிற கோட்டில் ஒன்பதைத் தவறவிட்டிருக்கிறார்கள். மெஷின் சொன்ன எண்ணேதான் வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன், வருஷக் கடைசியோடு சரி.

அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை, டுவேனைப் போட்டுவிட்டார்கள். நேற்று வந்து அடுப்படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சீட்டு எங்க அச்சடிக்கிறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது வில்மா, காலைல எனக்கும் ஒரு போன் வந்துச்சு, நீயும் விலை போயிட்டியான்னு கேக்கறான் என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. உட்காரச் சொன்னேன்.

குழந்தைக்கு என் முத்தம். கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். காரில் கம்பளி இல்லாமல் வெளியே கிளம்பாதே. ஜனவரியில் காலை வேளையில் வீட்டுக்குப் போன் பண்ணாதே, வசந்தகாலத்தில் வரும் பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தல் முடியும்வரை டுவேனோடு ஆபீசில்தான் இருப்பேன், சம்பளமில்லாமல்.

உன் அம்மா
வில்மா