ஆட்டுக் கண்ணில் ஐந்து தையல்

வெள்ளிக்கிழமை இரவு

இதைப் படிப்பது யாராக இருந்தாலும் சரி, அல்லாவுக்காக என் உம்மாவிடம் காட்டிவிடாதீர்கள்.

இன்று கறிக்கு வாங்கிய ஆட்டுத் தலையிலிருந்து ஒரு கண்ணை எடுத்தது நான்தான். பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் டாக்டரம்மா, ஐந்தரை வருடம் டாக்டருக்குப் படித்து, பிறகு மூன்று வருடம் கண்ணுக்கென்று படித்தபோது, முதலில் ஆட்டுக் கண்ணில்தான் தைத்துப் பழகினாராம். நானும் மாடியில் ஒளிந்து கருவிழியைப் பிளேடால் கீறித் தைத்தேன். ஐந்து தையல். அழுத்திப் பார்த்தேன், ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. என் கை நடுங்கவே இல்லை.

ஆனால் உம்மா வாப்பாவிடம், "கசாப்புக்கடைக்காரன் ஒத்தக்கண்ணு ஆட்டத் தலையில கட்டிட்டான். காலைல போயி நல்லா நாலு கேள்வி கேளுங்க" என்றார்.

"கேக்காம விடுவேனா?" என்றார் வாப்பா.

பாவம், கடைக்காரர் என்ன செய்தார்? உண்மையைச் சொன்னால் உம்மா, "டாக்டர் கனவா? பன்னெண்டாவதோட நிக்காஹ்தான்" என்பார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விடிந்ததும் சொல்லப்போகிறேன். அந்தத் தையலைப் பார்த்தபிறகு வாப்பாவால் என்னைப் படிக்க வேண்டாமென்று

கதவு தட்டுகிறது. வாப்பாதான்