மிக்ஸி ஓடும்போது மட்டும்

7 மே 2001, திங்கள். சித்ரா பௌர்ணமி.

கிரிவலப் பாதையில் இருக்கும் என் டைப்பிங் கடையில் இன்று கம்ப்யூட்டர் நான்கு முறை தானாக அணைந்து எழுந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகையைத் திரும்பத் திரும்ப அடித்தேன். கரண்ட் தகராறு என்று அவரிடம் சொல்லிவிட்டேன். போன வாரம் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைக்குள் புகுந்து, வேகம் கூடட்டும் என்று எழுநூறு மெகாஹெர்ட்ஸ் பிராசசரை எண்ணூறுக்கு ஏற்றி வைத்ததைச் சொல்லவில்லை.

அணையும்போதெல்லாம் பயாசில் பிராசசரின் வோல்டேஜை ஒரு படி கூட்டினேன். பயனில்லை. என் மனைவி வாணிதான் வாசலைக் காட்டினாள்.

"அந்த ஜூஸ் மிக்ஸி ஓடறப்பதாங்க இது சாவுது."

பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஜூஸ் போடுகிறவருக்கு என் கடை லைனிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்ததே நான்தான்.

சோதித்துப் பார்த்தேன். மிக்ஸி நின்றால் கம்ப்யூட்டர் எண்ணூறிலும் ஓடுகிறது. எழுநூறுக்கு இறக்கினால் மிக்ஸி ஓடினாலும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் சாகிறது. அப்படியானால் கோளாறு எதில்?

வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு ஜூஸ் வேண்டும். எழுநூறிலேயே விட்டேன்.

கரண்ட் தகராறு என்று கல்யாணப் பத்திரிகைக்காரரிடம் பொய்தான் சொன்னேன். அதில் பாதி உண்மையாகிவிட்டது. எந்தப் பாதி என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.