திருநாள் கூட்டம் முடியட்டும்

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு

இன்றும் ஃபின்டன் விறகு மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அவனுடைய மதுக்கடையின் பின்வாசல் மரப்படி உளுத்து உடைந்து நான் விழுந்ததிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை. "கை எப்படி இருக்கு டெர்வ்லா?" என்றான். எப்படி இருக்கும்? தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாதவளிடம் முடிவெட்ட யார் வருவார்கள்? என் சலூனில் பூட்டுத் தொங்குகிறது. மறுபடி அறுவை சிகிச்சை வேண்டுமாம். கடையின் காப்பீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"கடையில பேட்ரிக் திருநாள் கூட்டம் முடியட்டும், உக்காந்து பேசிடலாம். நமக்குள்ள என்ன கோர்ட்டு கச்சேரி?"

நல்லவன். என் மகளுக்கு ஞானத்தகப்பன்.

பிப்ரவரி 24

மனசு ஒரு நிலையில் இல்லை. போன வருஷம் ஈஸ்டர் முடியட்டும் என்றான். அப்புறம் வைக்கோல் அறுப்பு. அப்புறம் கிறிஸ்துமஸ்.

மார்ச் 6

வீட்டில் சொல்லாமல் என்னிஸ் டவுனுக்குப் போய் வக்கீல் க்ரானியாவைப் பார்த்தேன். "எப்ப விழுந்தீங்க?" ரெண்டு வருஷத்துக்கு முன்னால், பேட்ரிக் திருநாள் அன்று என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ரெண்டு வருஷம்தாங்க கெடு. இந்தப் பதினாறோட முடியுது. அதுக்குள்ள இழப்பீட்டு வாரியத்துல மனு பதிவாகணும். பொறுக்கச் சொன்னாரு, பொறுத்தேன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

பதினாறு. திருநாள் பதினேழு — தற்செயல்தான். தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். சீ, என்ன புத்தி எனக்கு?

மார்ச் 7

கணவர் டோனலிடம் சொல்லிவிட்டேன்.

"நம்ம பாப்பா ஞானஸ்நானத்துல அவளை ஏந்தி நின்னவன் மேல கேஸா? ஊருக்குள்ள எப்படி நடமாடறது?"

"பணம் காப்பீட்டுக்காரன் தரப்போறான், அவர் பையிலேருந்து இல்ல."

"அது ஊருக்குத் தெரியுமா?" கதவை அறைந்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மூட்டை வந்தது. கூடவே ஒரு ஆட்டுத்தொடை. வாங்கிக்கொண்டேன். கை கூசியது.

மார்ச் 14

மருத்துவர் சான்றோடு மனு பதிவாகிவிட்டது. "இனி நாள் ஓடினாலும் பயமில்ல" என்றாள் க்ரானியா. எனக்குத்தான் நண்பன் முதுகில் குத்திய மாதிரி இருக்கிறது. காரில் உட்கார்ந்து அழுதேன். அவனுக்கு வாரியத்தின் கடிதம் போய்ச்சேரச் சில வாரம் ஆகுமாம். அதுவரை அவன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மார்ச் 16, ஞாயிறு

விறகு வந்தது. மாடியில் ஒளிந்துகொண்டேன்.

மார்ச் 17

திருநாள் பூசை. சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், முன் பெஞ்சில் இருந்த ஃபின்டன் எங்களைப் பார்த்தும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கெடு நேற்றோடு முடிந்தது. கடிதம் இன்னும் போகவில்லை. நான் மனுப் போட்டது அவனுக்குத் தெரியவே தெரியாது.

வெளியே வந்ததும் நானே போய்க் கேட்டேன். "கூட்டம் முடிஞ்சதும் உக்காந்து பேசலாமா ஃபின்டன்?"

"எதைப் பத்தி?" என்றான்.

டோனல் பக்கத்திலேயே நின்றிருந்தார். வீடு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், கோடாலியை எடுத்துக்கொண்டு கொல்லையில் விறகு பிளக்கப் போய்விட்டார்.